மர்பி டவுன்: சாலை வந்த வழியும் தண்ணீர் வந்த வழியும்

பெங்களூரின் நகரத் திட்ட அறிக்கை எதையாவது புரட்டினால் ‘தற்போதுள்ள போக்குவரத்தும் அடிப்படை வசதிகளும்’ என்கிற மாதிரி ஓர் அத்தியாயம் கட்டாயம் இருக்கும். 1961ஆம் ஆண்டின் கர்நாடக நகர, நாட்டுப்புறத் திட்டமிடல் சட்டப்படி ஒரு நகரையும் அதைச் சுற்றியுள்ள ஊர்களையும் சேர்த்து உள்ளூர்த் திட்டப் பகுதி என்று அறிவிப்பார்கள். பிறகு அந்தப் பகுதிக்குள் சாலை எத்தனை கிலோமீட்டர், குடிநீர் நாளொன்றுக்கு எத்தனை லட்சம் லிட்டர், சாக்கடைக் குழாய் எவ்வளவு தூரம், மின்சாரம் எவ்வளவு என்று அட்டவணை போடுவார்கள். 2007இல் ஒப்புதல் பெற்ற ‘மாஸ்டர் பிளான் 2015’ இந்தக் கணக்கைப் போடுவதற்காகவே நகரை 47 வட்டாரங்களாகப் பிரித்தது.

அட்டவணை தேவைதான். ஆனால் அதைப் படிப்பவருக்கு ஒரு சந்தேகம் வர வேண்டும். இந்தக் குழாய் இந்தத் தெருவுக்கு எப்போது வந்தது? பக்கத்துத் தெருவுக்கு முன்னாடியா, பின்னாடியா? பள்ளம் தோண்டியவர்கள் வீட்டுக்கு அந்தக் குழாய் வந்ததா? இதற்கெல்லாம் அறிக்கையில் பதில் கிடைக்காது. பெங்களூரில் மூன்று, நான்கு தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கோ இது சொந்தக் கதை. அலசூருக்குப் பக்கத்தில் இருக்கிற மர்பி டவுனை எடுத்துக்கொண்டு இந்தக் கேள்விகளுக்கு விடை தேடலாம் என்று பார்க்கிறேன். சின்ன இடம்தான். ஆனால் ஒரு நகரத்தின் நூற்றாண்டுக் கதை அதற்குள் அடங்கிக் கிடக்கிறது.

தண்டும் பேட்டையும்

பெங்களூர் ஒரே ஊராக இருந்தது கிடையாது. 1537இல் கெம்பே கௌடர் கட்டிய கோட்டையும் பேட்டையும் ஓர் ஊர். 1809இல் ஆங்கிலேயர் அலசூரை ஒட்டி அமைத்த படைத்தளம் இன்னோர் ஊர். நம் பெரியவர்கள் அதைத் ‘தண்டு’ என்றுதான் சொன்னார்கள். சிவாஜி நகர்ப் பக்கம் இருக்கும் தண்டு மாரியம்மன் கோவில் பெயரில் அந்தச் சொல் இன்னமும் உயிரோடு இருக்கிறது. 1881இல் மைசூர் அரசு உடையார்களிடம் திருப்பித் தரப்பட்டபோது தண்டை மட்டும் ஆங்கிலேயர் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள். ‘சிவில் அண்ட் மிலிட்டரி ஸ்டேஷன்’ என்று அதற்குப் பெயர். ரெசிடெண்ட் துரையின் ஆட்சி. அது மைசூரிடம் திரும்பியது 1947 ஜூலை மாதத்தில், இரண்டு நகராட்சிகளும் ஒரே மாநகராட்சியாகச் சேர்ந்தது 1949இல்.

இந்தத் தண்டுக்குத்தான் நம் ஜனங்கள் வந்தார்கள். படையோடு வந்தவர், படைக்குச் சரக்குக் கொண்டுவந்தவர், துரை வீட்டில் சமைத்தவர், தோட்டம் போட்டவர், கல் உடைத்தவர், சாலை போட்டவர், தெருக் கூட்டியவர் என்று வட ஆர்க்காடு, சேலம் ஜில்லாக்களிலிருந்து வந்து குடியேறியவர்கள் பல ஆயிரம். சென்னைச் சேப்பர்ஸ் படைப்பிரிவின் தலைமையிடம் அலசூர் ஏரியை ஒட்டியே இருப்பதும், அந்தப் படை வீரர்களை இன்றுவரை ‘தம்பி’ என்று அழைப்பதும் தற்செயல் இல்லை. வந்தவர்களில் சிலர் பெரிய நிலைக்கு உயர்ந்தார்கள். பொது அலுவலகக் கட்டடமான அட்டார கச்சேரியைக் கட்டிக் கொடுத்து, அதில் சம்பாதித்ததைப் பள்ளிக்கூடத்துக்கும் தர்மத்துக்கும் செலவிட்ட ஆர்க்காடு நாராயணசாமி முதலியார் போன்றோரைப் பற்றி மலர்களில் நிறைய எழுதியாகிவிட்டது. கல் சுமந்தவர்களைப் பற்றி எழுதியது குறைவு.

வந்த வழி இரண்டு. ஒன்று பழைய சென்னைச் சாலை. அலசூரைத் தொட்டுக்கொண்டு கிழக்கே கோலார், சித்தூர் வழியாகச் சென்னைக்குப் போகிற பாதை. மாட்டுவண்டியும் கால்நடையுமாகப் பலர் வந்தது இதன் வழியாகத்தான். இன்னொன்று ரயில். மதராஸ் ரயில்வே ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர்த் தண்டு வரை போட்ட அகலப்பாதை 1864 ஆகஸ்ட் 1ஆம் தேதி திறக்கப்பட்டது. ஊர் பேட்டைப் பக்கம் இருக்க, ரயில் தண்டோடு நின்றது என்பதைக் கவனிக்க வேண்டும். பேட்டைப் பக்கம் சிட்டி ஸ்டேஷனுக்கு ரயில் போய்ச் சேர்ந்தது 1882 வாக்கில். மைசூருக்குப் போனதோ மீட்டர் பாதை. சென்னைக்கு ஓர் அகலம், மைசூருக்கு ஓர் அகலம். ஒரே நகரத்தில் இரண்டு ஆட்சி இருந்ததைத் தண்டவாளமே காட்டிக் கொடுத்தது. அந்த மைசூர்ப் பாதை அகலமானது 1990களில்தான்.

பிளேக் போட்ட வரைபடம்

வந்தவர்கள் எங்கே தங்கினார்கள்? பிளாக்பள்ளி என்று ஆங்கிலேயர் சொன்ன இன்றைய சிவாஜி நகர்ப் பக்கம், அலசூர் கடைவீதிச் சந்துகள், படை முகாம்களின் ஓரம். நெருக்கமான குடிசைகள். தண்ணீருக்குக் கிணறும் ஏரியும். கழிவுக்குத் திறந்த சாக்கடை. மழைக் காலத்தில் இரண்டும் ஒன்றாகிவிடும்.

1898 ஆகஸ்டில் பெங்களூருக்குப் பிளேக் வந்தது. ரயிலில் வந்தது என்பதுதான் அன்றைய முடிவு. சென்னையோடும் பம்பாயோடும் நம்மை இணைத்த அதே தண்டவாளம் நோயையும் கொண்டுவந்தது. அதன் பிறகு நடந்தவை பெங்களூரின் முகத்தையே மாற்றின. நகரம் வார்டுகளாகப் பிரிக்கப்பட்டு சுகாதார அதிகாரி நியமிக்கப்பட்டார். பிளேக் தடுப்பு வேலையை ஒருங்கிணைக்கவே தொலைபேசிக் கம்பிகள் இழுக்கப்பட்டன. வீடு கட்டினால் காற்றோட்டமும் வடிகாலும் வேண்டும் என்று விதி வந்தது. பேட்டைப் பக்கம் பசவனகுடியும் மல்லேஸ்வரமும் விரிந்தன. தண்டுப் பக்கம் 1906இல் தொடங்கிய பிரேசர் டவுன், எலி புகாத பிளேக் தடுப்பு வீடுகளின் நகர் என்று பெயர் வாங்கியது. பிறகு ரிச்சர்ட்ஸ் டவுன், காக்ஸ் டவுன் என்று வரிசையாக வந்தன. நம் ஜனங்கள் தம் பங்குக்கு பிளேக் மாரியம்மனுக்குக் கோவில் கட்டினார்கள். பாவம், அவர்களுக்குத் தெரிந்த சுகாதாரத் துறை அது.

இங்கே ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். வசதி உள்ளவர்களுக்குப் புதிய டவுன் உடனே வந்தது. ஏழைகளின் குடிசைகளைப் பிளேக் சமயத்தில் இடிப்பது சுலபமாக இருந்தது; இடித்த பிறகு அவர்கள் எங்கே போவார்கள் என்ற கேள்விக்குத்தான் பதில் தாமதமாக வந்தது. கூலிக்காரனின் குடிசையில் நோய் இருந்தால் அவன் வேலை செய்யப் போகும் பங்களாவுக்கும் அது போகும் என்ற பயம் வந்த பிறகுதான் உழைப்பாளர் குடியிருப்பு பற்றி நகராட்சி யோசித்தது. பயம்தான் காரணம் என்றாலும் நடந்தது நல்லது என்றே நினைக்கிறேன்.

அப்படி வந்ததுதான் நாக்ஸ்பேட்டை. முதல் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் அலசூரை ஒட்டி உழைக்கும் மக்களுக்காக எழுந்த குடியிருப்பு அது. தண்டு நகராட்சியின் நிர்வாகப் பொறியாளராக இருந்த டபிள்யூ. எச். மர்பி என்பவர் அதை வகுத்தார். பின்னாளில் அவர் பெயரே நிலைத்து மர்பி டவுன் ஆயிற்று. சுகாதார வசதியும் பூங்காவும் சேர்ந்த நானூறு வீடுகள் என்று குறிப்புகள் சொல்கின்றன. அந்தக் காலத்தில் கூலித் தொழிலாளிக்கு வடிகாலோடு வீடு, அதிலும் பூங்கா என்றால் சாதாரணச் சமாச்சாரம் இல்லை.

பெயரைக் கொஞ்சம் கவனியுங்கள். பிரேசர், ரெசிடெண்ட் துரை. காக்ஸ், கலெக்டர். மர்பியோ ஒரு எஞ்சினியர். கால்வாய் மட்டமும் குழாய் விட்டமும் பார்த்த ஆளின் பெயர் ஓர் ஊருக்கு வந்தது. பிரேசர் டவுனை அரசாங்கம் புலிகேசி நகர் என்று மாற்றியது. மர்பி டவுன் பெயரை மட்டும் ஜனங்கள் விடவில்லை. தமிழ் வாயில் அது ‘மர்ப்பி டவுனு’ ஆகி நம்ம ஊர்ப் பெயராகவே ஆகிவிட்டது.

அந்தக் காலத் திட்டத் தெருக்களில் இன்னொரு அம்சமும் உண்டு. வீட்டுக்கு முன்னால் தெரு, பின்னால் ஒரு குறுகிய சந்து. பெங்களூர்க்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த ‘கன்சர்வன்சி சந்து’. எடுப்புக் கக்கூஸ் காலத்தில் மலம் அள்ளுகிறவர் முன்வாசல் பக்கம் வரக்கூடாது என்பதற்காகப் போட்ட வழி அது. ஒரு நகரம் தன் சாதியைக் கல்லிலும் மண்ணிலும் எழுதி வைத்த இடம் என்றே சொல்லலாம். பாதாளச் சாக்கடை பெங்களூரில் 1922 வாக்கில் நகரின் மையத்தில் தொடங்கினாலும், விரிவான திட்டம் 1950க்குப் பிறகே வந்தது. தலையில் மலம் சுமக்கும் வழக்கத்தை 1970களின் தொடக்கத்தில் கர்நாடகத்தில் ஒழிக்க முனைந்தவர், தேவராஜ் அர்ஸ் அமைச்சரவையில் இருந்த பி. பசவலிங்கப்பா. நாடு முழுவதற்கும் தடைச் சட்டம் 1993இல் வந்தது, போதாமல் 2013இல் மறுபடியும் வந்தது. இன்று பல இடங்களில் அதே சந்துக்குள்தான் சாக்கடைக் குழாயும் கேபிள் ஒயரும் போகின்றன. உபயோகம் மாறிவிட்டது, வழி மாறவில்லை.

குழாய்க்கு வந்த தண்ணீர்

தண்டுக்கு ஆதியில் தண்ணீர் கொடுத்தது அலசூர் ஏரியும் கிணறுகளும். படை பெருகப் பெருக அது பற்றவில்லை. மதராஸ் எஞ்சினியர்ஸைச் சேர்ந்த ரிச்சர்ட் சாங்கி 1882இல் கட்டிய சாங்கி ஏரி தண்டின் தேவைக்காகத்தான். அதற்கும் மேலே போக வேண்டியிருந்தது. ஊருக்கு வடமேற்கே ஹெசரகட்டாவில் அர்க்காவதி ஆற்றைத் தேக்கி, நீராவி இயந்திரத்தால் இறைத்து, 1896இல் குழாய்த் தண்ணீர் வந்தது. சாமராஜேந்திரர் பெயரில் அமைந்த அந்தத் திட்டம் நடந்தது திவான் சேஷாத்ரி ஐயர் காலத்தில். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். 1883 முதல் 1901 வரை திவானாக இருந்தவர். பேட்டைக்கும் தண்டுக்கும் ஆட்சி வேறு வேறாக இருந்தும் தண்ணீர் ஒரே ஆற்றிலிருந்து வந்தது. ஆட்சிக்காரர்கள் ஒன்றாவதற்கு அரை நூற்றாண்டு முன்னாலேயே குழாய்கள் ஒன்றாகிவிட்டன!

1920களின் நடுவில் ஹெசரகட்டா வறண்டது. அப்போதுதான் விஸ்வேஸ்வரய்யா தலைமையிலான குழுவின் யோசனைப்படி அர்க்காவதியும் குமுதவதியும் கூடும் திப்பகொண்டனஹள்ளியில் அணை கட்டினார்கள். 1933இல் அது பயனுக்கு வந்தது. நாக்ஸ்பேட்டை மர்பி டவுனாக வளர்ந்த காலமும் இதை ஒட்டியதுதான். அதாவது உழைப்பாளருக்கு வடிகாலோடு வீடு கிடைத்த அதே வருஷங்களில் நகரம் தண்ணீருக்குத் திண்டாடிக் கொண்டிருந்தது. குழாய் போட்டால் மட்டும் போதுமா, குழாய்க்குள் தண்ணீர் வேண்டாமா?

அதனால்தான் தெருக்குழாய் காலம் நீண்டது. எழுபதுகள், எண்பதுகளில் பெங்களூரில் வளர்ந்த தமிழ்ப் பெண்களிடம் கேட்டுப் பாருங்கள். விடியற்காலை மூணு மணிக்குக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு, ஒரு கல்லை ஆள் மாதிரி அடையாளம் வைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து அடுப்புப் பற்றவைத்துவிட்டு மறுபடி ஓடிய கதையைச் சொல்வார்கள். தமிழ், கன்னடம், தெலுங்கு, தக்கணி உருது நாலும் கலந்த பெங்களூர்த் தமிழ் உருவான பள்ளிக்கூடம் அந்தக் குழாயடி. ‘நீரு பந்துடுச்சா?’ என்று அங்கே கேட்டால் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

1964இல் குடிநீர், கழிவுநீர் வாரியம் தனியாக அமைந்தது. 1974இல் காவிரி வந்தது. தொரேகாடனஹள்ளியிலிருந்து ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் தூரம், சுமார் ஐந்நூறு மீட்டர் உயரம். நடுவில் ஹாரோஹள்ளி, தாதகுணி என்று மூன்று கட்டமாக இறைத்துத்தான் தண்ணீர் மேலே ஏறுகிறது. முதல் கட்டத்தில் நாளொன்றுக்கு 13.5 கோடி லிட்டர். 1983இல் இரண்டாம் கட்டம் இன்னும் அவ்வளவு. 1993இல் மூன்றாவது, 2002லும் 2012லும் நான்காவதின் இரண்டு பகுதிகள். 2024 அக்டோபர் 16 அன்று தொடங்கிய ஐந்தாம் கட்டம் மட்டுமே 77.5 கோடி லிட்டர். அது முக்கியமாக நகரத்தோடு பிறகு சேர்ந்த 110 கிராமங்களுக்கானது. அதே வருஷம் மார்ச்சில் போர்வெல்கள் வறண்டு, குடிநீரில் கார் கழுவினால் ஐயாயிரம் ரூபாய் அபராதம் என்று வாரியம் உத்தரவு போட்டதை மறந்திருக்க மாட்டீர்கள்.

தெருக்குழாயிலிருந்து வீட்டுக் குழாய்க்கு மாறுவதற்குத் தடையாக இருந்தது பெரும்பாலும் காகிதம். இணைப்புக் கேட்டால் இடம் உன்னுடையதா என்று பத்திரம் கேட்டார்கள். மூன்று தலைமுறை ஒரே வீட்டில் இருந்தும் பத்திரம் இல்லாத குடும்பங்கள் நகரம் முழுக்க இருந்தன. 2000ஆம் ஆண்டை ஒட்டி ஆஸ்திரேலிய அரசின் உதவியோடு குடிசைப் பகுதிகளில் நடந்த சோதனைத் திட்டத்தில்தான் வாரியம் இந்த விதியைத் தளர்த்தியது. ரேஷன் கார்டு மாதிரி குடியிருப்புச் சான்று இருந்தால் போதும், கட்டணத்தையும் குறைத்து இணைப்புக் கொடுக்கலாம் என்று ஆயிற்று. குழாய் இழுக்கிற எஞ்சினியரிங் வேலை ஒரு வாரத்தில் முடியும். இந்த ஒரு வரி விதி மாற அரை நூற்றாண்டு ஆயிற்று.

காவிரி பற்றிப் பேசும்போது 1991ஐச் சொல்லாமல் போக முடியாது. நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பை ஒட்டி அந்த டிசம்பரில் பெங்களூரில் தமிழர்கள் தாக்கப்பட்டார்கள். அன்றைக்கு அடி வாங்கியவர்களில் பெரும்பாலோர் இந்த நகரத்துக்குள் அந்தக் காவிரித் தண்ணீரைத்தான் குடித்துக்கொண்டிருந்தார்கள். 2007இல் வந்த நடுவர் மன்ற இறுதித் தீர்ப்பு, பெங்களூரில் மூன்றில் ஒரு பங்குதான் காவிரிப் படுகையில் இருக்கிறது என்று கணக்கிட்டு, அதற்கேற்பத்தான் குடிநீர் ஒதுக்கியது. 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் இந்தக் கணக்கு சரியில்லை என்று சொல்லி நகரத்தின் குடிநீருக்காக மட்டும் 4.75 டி.எம்.சி. கூடுதலாகக் கொடுத்தது. தமிழ்நாட்டுக்குக் கர்நாடகம் விட வேண்டிய அளவு 192இலிருந்து 177.25 டி.எம்.சி. ஆகக் குறைந்தது. தஞ்சையில் சொந்தக்காரர், பெங்களூரில் தாம் என்று இருக்கிற குடும்பங்கள் அன்றைக்கு எந்தப் பக்கம் நின்று செய்தி கேட்டிருக்கும்? நல்ல கேள்விதான், நான் பதில் சொல்லப் போவதில்லை.

கம்பியும் சக்கரமும்

மின்சாரத்தின் கதையிலும் ஒரு வேடிக்கை உண்டு. காவிரியின் சிவசமுத்திரம் நீர்வீழ்ச்சியில் எடுத்த மின்சாரம் 1902 ஜூனில் முதலில் போனது பெங்களூருக்கு இல்லை. 92 மைல் தாண்டிக் கோலார் தங்கவயலுக்குப் போனது. அந்நாளில் உலகத்தின் மிக நீளமான மின்கம்பிகளில் ஒன்று அது. தங்கவயலில் பூமிக்கு அடியில் இறங்கியவர்களில் மிகப் பலர் வட ஆர்க்காட்டுத் தமிழர்கள் என்பது தெரிந்ததே. பேட்டையில் மின்விளக்கு எரிந்தது 1905 ஆகஸ்ட் 5ஆம் தேதி. அந்தத் திட்டத்துக்கு உயிர் கொடுத்த சேஷாத்ரி ஐயர் 1901லேயே காலமாகிவிட்டார். உழைப்பாளர் குடியிருப்புகளில் தெருவிளக்கு மின்சாரத்தில் எரிந்தாலும், வீட்டுக்குள் ரொம்ப நாளைக்கு மண்ணெண்ணெய் விளக்குத்தான். பெரிய படிப்புப் படித்தவர்களில் எத்தனையோ பேர் தெருவிளக்கில் உட்கார்ந்து படித்ததாகச் சொல்வது வெறும் கதை கிடையாது.

போக்குவரத்துக்கு வருவோம். பேருந்து வருவதற்கு முன்னால் ஜட்காவும் சைக்கிளும் சொந்தக் காலும். 1940இல் பெங்களூர் டிரான்ஸ்போர்ட் கம்பெனி என்ற தனியார் நிறுவனம் பஸ் விட ஆரம்பித்தது. 1956இல் அரசு அதை எடுத்துக்கொண்டதும் பி.டி.எஸ். ஆயிற்று. 1997இலிருந்து பி.எம்.டி.சி. பழைய ஆட்கள் இன்னமும் ‘பி.டி.எஸ்.ல போ’ என்பார்கள். அதே 1940இல்தான் விமானத் தொழிற்சாலையும் வந்தது. 1948இல் பழைய சென்னைச் சாலையில் ஐ.டி.ஐ., அடுத்து பையப்பனஹள்ளியில் என்.ஜி.இ.எஃப். காலை ஷிப்டுக்கு அலசூர்ப் பக்கத்திலிருந்து கிழக்கே போகிற சைக்கிள் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சாலை ஏன் முக்கியம் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. துரைகளின் பங்களாவை நம்பி வந்த குடும்பத்தின் பேரன் லேத் மிஷினில் நின்றான். பி.எஃப்., இ.எஸ்.ஐ. வந்தது. ஒரு சாலையும் ஒரு பஸ்ஸும் ஒரு சாதி வேலையிலிருந்து மனிதனை வெளியே கொண்டுவந்தன. என்னைக் கேட்டால் மர்பி டவுன் மாதிரி இடங்களின் வரலாற்றில் பிரிட்டிஷ் ரெசிடெண்டுகளை விட இந்தத் தொழிற்சாலைகள்தான் பெரிய விஷயம். என்.ஜி.இ.எஃப். 2002இல் மூடப்பட்டது.

1970களில் பக்கத்தில் இந்திரா நகர் எழுந்தது. அகலமான தெரு, பெரிய மனை. அலசூரும் மர்பி டவுனும் அதற்குப் பால்காரர், பிளம்பர், வீட்டு வேலைக்காரர், மெக்கானிக் அனுப்பும் இடமாக ஆயின. நூறு வருஷத்துக்கு முன் தண்டுக்கும் அதன் ஓரச் சந்துகளுக்கும் இருந்த அதே உறவு.

மெட்ரோவுக்கு 2006 ஜூன் 24ஆம் தேதி அன்றைய பிரதமர் மன்மோகன் சிங் அடிக்கல் நாட்டினார். தடம் சி.எம்.எச். சாலை வழியாகப் போவதை அங்கிருந்த வியாபாரிகள் கடுமையாக எதிர்த்தார்கள். பழைய சென்னைச் சாலை வழியாகவே கொண்டுபோகலாமே என்பது அவர்கள் கட்சி. அப்படி நடந்திருந்தால் மர்பி டவுன் ஓரமாகவே தூண்கள் நின்றிருக்கும். அந்த வாதத்தில் கடைக்காரர் குரல் கேட்டது, மரம் காப்போர் குரல் கேட்டது. பின்னால் இருந்த உழைப்பாளர் தெருக்களின் குரல் பத்திரிகையில் வந்த மாதிரி ஞாபகம் இல்லை. கடைசியில் சி.எம்.எச். சாலைத் தடமே நிலைத்தது. 2011 அக்டோபர் 20 அன்று பையப்பனஹள்ளியிலிருந்து மகாத்மா காந்தி சாலை வரை ஆறு நிலையங்களோடு, 6.7 கிலோமீட்டர் தூரம், தென்னிந்தியாவின் முதல் மெட்ரோ ஓடியது. ஆறில் ஒன்று அலசூர். பலகையில் ஹலசூரு என்று எழுதியிருக்கும். மர்பி டவுனிலிருந்து நடந்து போகிற தூரம். 2023 அக்டோபரில் ஒயிட்ஃபீல்டு வரை முழுத் தடமும் திறந்த பிறகு ஐ.டி. பார்க்குகளில் வேலை செய்கிற மூன்றாம் தலைமுறைக்கு இது பெரிய வசதி. வீட்டு வேலைக்குப் போகிற அம்மாக்களுக்கு 2023 ஜூனில் வந்த சக்தி திட்டத்தின் இலவசப் பஸ்தான் வசதி. ஒரே வீட்டில் அம்மா பஸ்ஸிலும் மகள் மெட்ரோவிலும் போகிறார்கள்.

வசதி வந்தால் வாடகையும் வரும். நிலையத்துக்குப் பக்கத்தில் நிலத்தின் விலை ஏறுகிறது. ஓட்டுவீடு இருந்த இடத்தில் நான்கு மாடி எழும்புகிறது. நானூறு வீட்டுக்குக் கணக்குப் பார்த்துப் போட்ட வடிகால், அதைப்போல் பல மடங்கு குடும்பத்தைத் தாங்க வேண்டியிருக்கிறது. தெருவில் வண்டி நிறுத்த இடமில்லை. ஒவ்வொரு மாடியிலும் கறுப்பு சிண்டெக்ஸ் தொட்டி, ஒவ்வொரு வாசலுக்குக் கீழேயும் சம்ப். தண்ணீர் வருகிற இரண்டு மணி நேரத்தில் யார் வீட்டு மோட்டார் பலமோ அவர்களுக்குத் தண்ணீர். குழாயடிச் சண்டை போய் மோட்டார் சண்டை வந்திருக்கிறது. அன்றைக்கு வரிசை என்ற ஒரு நியாயமாவது இருந்தது.

போன தண்ணீர்

தண்ணீர் வந்த வழியைச் சொல்கிற அளவுக்கு அது போகிற வழியை யாரும் சொல்வதில்லை. அலசூர்ப் பக்கம் மேட்டுக்குக் கிழக்குச் சரிவு. ஏரியின் உபரி நீரும் சுற்று வட்டாரத்துக் கழிவும் சல்லகட்டா பள்ளத்தாக்கில் இறங்கிப் பெல்லந்தூர் ஏரிக்குப் போய்ச் சேரும். 2015லும் 2017லும் 2018லும் தீப்பிடித்து உலகப் பத்திரிகைகளில் வந்ததே, அந்த ஏரிதான். அங்கிருந்து வர்த்தூர், பிறகு தட்சிண பினாகினி. கன்னடத்தில் அப்படிச் சொல்கிற ஆற்றுக்கு நம் பெயர் தென்பெண்ணை. ஓசூருக்குப் பக்கத்தில் கெலவரப்பள்ளி அணை, கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர் அணை, கடைசியில் கடலூர்.

யோசித்துப் பாருங்கள். காவிரியிலிருந்து ஐந்நூறு மீட்டர் மேலே இறைத்துக் கொண்டுவந்த தண்ணீர், மர்பி டவுன் வீட்டில் பாத்திரம் கழுவிவிட்டு, வேறோர் ஆற்றுப் படுகையில் இறங்கித் தமிழ்நாட்டுக்குப் போகிறது. பெங்களூரில் மூன்றில் ஒரு பங்குதான் காவிரிப் படுகை என்று நடுவர் மன்றம் சொன்னதன் அர்த்தம் இந்தச் சரிவில் நின்றால் கண்ணுக்குத் தெரியும். இரண்டு மாநிலமும் வந்த தண்ணீருக்காகத்தான் நீதிமன்றத்தில் வருஷக்கணக்காக நின்றன. நுரையோடு போன தண்ணீர் கெலவரப்பள்ளி மதகில் வெள்ளையாகப் பொங்கும் படங்கள் வந்த பிறகுதான் அதைப் பற்றியும் பேச்சு எழுந்தது. ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் அந்தத் தண்ணீரை வயலுக்குப் பாய்ச்சுகிறவர்களில், இங்கே கூலிக்கு வந்தவர்களின் சொந்த பந்தமும் இருக்கத்தானே செய்யும்.

2018 ஜூன் முதல் இந்தக் கழிவில் ஒரு பகுதியைச் சுத்திகரித்து, நாளொன்றுக்கு 44 கோடி லிட்டர் என்ற கணக்கில் கோலார் மாவட்ட ஏரிகளுக்கு இறைத்து நிரப்பும் திட்டம் நடக்கிறது. நிலத்தடி நீர் ஏறியிருக்கிறது என்று விவசாயிகள் ஒரு பக்கம், சுத்திகரிப்பு இன்னும் ஒரு படி மேலே வேண்டும் என்று சுற்றுச்சூழல்காரர்கள் மறு பக்கம் பேசுகிறார்கள். 1902இல் காவிரியின் மின்சாரம் கம்பி வழியாகப் போனது கோலாருக்கு. 116 வருஷம் கழித்து அதே காவிரித் தண்ணீர், நம் வீட்டுச் சாக்கடை வழியாக, குழாயில் ஏறி மறுபடியும் கோலாருக்கே போய்ச் சேர்ந்தது.